ஈரக் கை எங்கே பிடிக்கும்? – மரவேலை கேள்வி பதில்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கைப்பிடி இல்லாத குளியலறை வேனிட்டி, அதாவது பேசினுக்குக் கீழே வரும் அலமாரி, பற்றிய கேள்விகள். கட்டில், ஊஞ்சல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, தனியாகப் பட்டறை போட்ட பிறகு வந்திருக்கும் முதல் வேனிட்டி ஆர்டர் இது. அகலம் 1200 மி.மீ., சுவரில் தொங்க வேண்டும், மேலும் கீழுமாக இரண்டு ட்ராயர். வாடிக்கையாளர் ஒரு படத்தைக் காட்டி, "கைப்பிடி என்று எதுவும் கண்ணில் படக்கூடாது" என்கிறார். அழுத்தினால் திறக்கும் புஷ் ஓப்பன் போடுவதா, விரல் நுழையப் பள்ளம் தரும் அலுமினிய கோலா ப்ரொஃபைல் போடுவதா, விளிம்பைச் சாய்த்து வெட்டுவதா?

பதில்: தம்பி, படத்தில் இருக்கிற வேனிட்டிக்கு முன்னால் சோப்புக் கையோடு யாரும் நிற்பதில்லை. உங்கள் வாடிக்கையாளர் தினமும் நிற்பார். கைப்பிடியைத்தான் எடுத்துவிட்டோம், கையை எடுக்கவில்லை. அந்தக் கை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். அது எங்கே தொடும், அங்கிருந்து தண்ணீர் எப்படி இறங்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மூன்றில் எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

புஷ் ஓப்பன் பார்க்க அழகு. ட்ராயரின் முன்பலகையான முகப்பு ஒரே தகடாக நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஈர விரல் நேராக முகப்பின் நடுவில்தான் பதியும். பளபளப்பான அடர் நிறம் என்றால் கேட்கவே வேண்டாம், மாலைக்குள் ரேகை பார்த்து ஜோசியம் சொல்லலாம். அப்புறம், அழுத்தித் திறக்க முகப்புக்கும் வேனிட்டியின் கூடான பாக்ஸுக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எப்போதும் திறந்தே கிடக்கும். இன்னொன்று, மெதுவாகத் தானே மூடும் சாதாரண சாஃப்ட் க்ளோஸ் சேனலோடு (சேனல் என்பது ட்ராயர் ஓடும் தடம்) தனியாக ஒரு புஷ் கருவியை வைத்தால் இரண்டும் சண்டை போடும். ஒன்று உள்ளே இழுக்கும், மற்றது வெளியே தள்ளும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்தே வடிவமைத்த சேனல் செட்டைத்தான் வாங்க வேண்டும். 1200 அகல ட்ராயருக்கு இடது வலது சேனல்களை இணைக்கும் ஒத்திசைவுக் கம்பியும் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஓரத்தில் அழுத்தும்போது ஒரு பக்கம் மட்டும் விடுபட்டு ட்ராயர் கோணலாக நிற்கும்.

விளிம்பைச் சாய்த்து வெட்டுவது செலவில்லாத வழி என்று பலர் நினைக்கிறார்கள். 18 மி.மீ. பலகையை 45 டிகிரியில் முழுதாகச் சாய்த்தால் முனை கத்தி போல ஆகிவிடும். கூர்மையான முனையில் பெயின்ட் நிற்காது. ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து பின்வாங்கிவிடும், காய்ந்த பிறகு அங்கே படலம் மிக மெல்லியதாக இருக்கும். விரல் நகமும் தண்ணீரும் தினமும் படுகிற இடமும் அதுதான். ஆகவே முனையில் 3 மி.மீ. தட்டையாக விட்டுவிட்டு, கூர்மை போக உருட்டித் தேய்த்துவிட்டு அடியுங்கள். லேமினேட் ஒட்டிய பலகையில் இந்தச் சாய்வு வேண்டவே வேண்டாம். சாய்வில் எட்ஜ் பேண்ட் என்ற விளிம்புப் பட்டியை ஒட்டச் சரியான இயந்திரம் இல்லையென்றால் இணைப்பு சீக்கிரமே வாய் பிளக்கும்.

என் ஓட்டு, மேல் ட்ராயருக்கு மறைவான பள்ளம். வேனிட்டியின் மேல் போடும் கல்லுக்குக் கீழே முகப்பை 25 மி.மீ. தாழ்த்தி நிறுத்தி, அதன் பின்னால் விரல் நுழைய ஒரு பள்ளம் விட வேண்டும். பள்ளத்தின் பின்சுவர் அலுமினிய ப்ரொஃபைலாக இருக்கலாம், அல்லது முகப்பின் நிறத்திலேயே ஒரு பட்டியைப் பின்தள்ளி அடிக்கலாம். அலுமினியம் தண்ணீருக்கு அசையாது, துடைத்தால் ஈரம் போய்விடும். அதனால் குளியலறைக்கு நான் அலுமினியத்தையே போடுகிறேன். ப்ரொஃபைலின் இரண்டு முனைகளையும் மூடியும் சிலிக்கானும் வைத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சேரும் தண்ணீர் பக்கப் பலகையின் வெட்டு முகத்தில் போய் நிற்கும். ப்ரொஃபைல் உட்காருவதற்காக அங்கே நீங்கள் வெட்டியிருப்பீர்கள், அதுதான் அந்தப் பலகையிலேயே நிர்வாணமான இடம்.

வரைபடம் போடும்போதே ஒன்றைக் கணக்கில் வையுங்கள். ட்ராயர் வெளியே வரும்போது அதன் பெட்டி முழுவதும் ப்ரொஃபைலுக்குக் கீழே நுழைந்து வர வேண்டும். முகப்பு 250 மி.மீ. உயரம் என்பதால் பெட்டியும் அதே உயரத்துக்கு இருக்கும் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். நிஜத்தில் கணிசமாகக் குறையும். நீளமான ஷாம்பு பாட்டிலை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கீழ் ட்ராயருக்குப் பள்ளமே வேண்டாம். தொங்கும் வேனிட்டிதானே? முகப்பைப் பாக்ஸின் அடிப்பலகைக்குக் கீழே 20 மி.மீ. இறக்கிவிட்டால் விரலைக் கீழிருந்து கொடுத்து இழுக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இடமும் போகாது. ஒழுகும் தண்ணீர் கடைசியாக வந்து தொங்குவது அந்த அடிவிளிம்பில்தான். மேல் விளிம்பைவிட அதற்கு ஒரு கோட் அதிகமாகக் கொடுங்கள்.

கல்லையும் மறக்க வேண்டாம். கல் முகப்பைவிட 8 அல்லது 10 மி.மீ. முன்னால் நீளட்டும். அதன் அடியில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, 3 மி.மீ. ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு சொட்டுக்கோடு வெட்டச் சொல்லுங்கள். கல் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே சொட்டிவிடும். இந்தக் கோடு இல்லாத வேனிட்டியில் விரல் பள்ளம் வாய்க்காலாக மாறிவிடும். கல் வேலைக்காரர் "இதெல்லாம் ஜன்னல் பலகைக்குத்தான்" என்பார். நீங்கள் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வேனிட்டி புஷ் ஓப்பன் வகை. பல் துலக்கும்போது சற்றுச் சாய்ந்தாலே மேல் ட்ராயர் திறந்து வயிற்றில் இடிக்கிறது. பழுதா, இல்லை அப்படித்தான் இருக்குமா?

பதில்: பழுது இல்லை அம்மா. அழுத்தினால் திறக்க வேண்டும் என்று செய்யப்பட்டது, நீங்கள் அழுத்துகிறீர்கள், அது திறக்கிறது. சமையலறையில் கீழ் ட்ராயருக்குப் பொருந்துகிற ஏற்பாடு முகம் கழுவும் இடத்தில் இடுப்பு உயரத்தில் வந்தால் இப்படித்தான் ஆகும். கல்லின் விளிம்பு முகப்போடு ஒரே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கல் 15, 20 மி.மீ. முன்னால் நீண்டிருந்தால் உடம்பு முதலில் கல்லில்தான் முட்டும், முகப்பில் முட்டாது. இப்போது கல்லை மாற்ற முடியாது என்றால், மேல் ட்ராயரின் சேனலை மட்டும் சாதாரண சாஃப்ட் க்ளோஸாக மாற்றி, முகப்பின் மேல் விளிம்பை ஒரு தச்சரைக் கொண்டு 25 மி.மீ. தாழ்த்தி வெட்டி விரல் நுழைய வழி செய்துகொள்ளலாம். வெட்டிய விளிம்பை அன்றைக்கே அடைக்கச் சொல்லுங்கள், "அப்புறம் வந்து அடிக்கிறேன்" என்றால் விட்டுவிடாதீர்கள். கீழ் ட்ராயர் இருக்கிறபடியே இருக்கட்டும். அங்கே புஷ் ஓப்பன் நல்லதுதான், கை இரண்டிலும் துணி இருக்கும்போது முழங்காலால் தட்டித் திறக்கலாம்.

கேள்வி: பேசினின் கழிவுக்குழாய் மேல் ட்ராயரின் நடுவில் வந்து நிற்கிறது. மேல் ட்ராயரைப் பொய் முகப்பாக விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், ஆனால் வாடிக்கையாளர் முதல் நாளே அதை இழுத்துப் பார்ப்பார். ட்ராயரை யு வடிவில் செய்யுங்கள். நடுவில் பேசினுக்கு அடியில் கழிவுக்குழாயோடு வரும் பாட்டில் ட்ராப்புக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் பெட்டி முழு ஆழத்துக்குப் போகும். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சவரச் சாமான் எல்லாம் அந்த இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். ட்ராப்பின் உடலைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 30 மி.மீ. விடுங்கள். அடைப்பு எடுக்க அதைக் கையால் திருகிக் கழற்ற வேண்டும், கை நுழையாவிட்டால் பிளம்பர் உங்கள் ட்ராயரைத்தான் உடைப்பார்.

யு வளைவின் உட்பக்கத்திலும் மற்றப் பக்கங்களின் உயரத்துக்கே பலகை வையுங்கள். தாழ்த்தி வைத்தால் சின்னச் சாமான்கள் எல்லாம் அந்த வழியாகக் கீழ் ட்ராயருக்குக் குடிபெயரும். அடிப்பலகையை வெட்டிய விளிம்பை மறக்காமல் அடையுங்கள். ட்ராப்பின் இணைப்பு கசிந்தால் முதல் சொட்டு அங்கேதான் விழும்.

ஆழத்தில்தான் பலர் இடறுகிறார்கள். வேனிட்டி 500 மி.மீ. ஆழம் என்றவுடன் 450 சேனலை வாங்கிவிடுவார்கள். சுவரில் பேசினுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வ் இருக்கிறது, அதிலிருந்து வளைந்து மேலே போகும் குழாய் இருக்கிறது. 400 சேனல் போட்டு, முகப்பு 18 போக, பின்னால் 80 மி.மீ. காலியாக விடுங்கள். ட்ராயர் சற்றுக் குட்டையாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், மூடாத ட்ராயரை எல்லோரும் கவனிப்பார்கள்.

பேசின் வகையைக் கேட்காமல் உயரம் சொல்லாதீர்கள். கல்லின் மேல் உட்காரும் கிண்ண பேசின் 130 மி.மீ. உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 850 வர வேண்டுமென்றால் கல்லின் மேல்மட்டம் 720-இல் நிற்க வேண்டும். பாக்ஸ், ட்ராயர், வால்வ் எல்லாம் அதோடு சேர்ந்து கீழே இறங்கும். பிளம்பர் சுவரை உடைப்பதற்கு முன்பே இந்த எண்கள் அவர் கையில் ஒரு தாளில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

கேள்வி: ப்ளைவுட், மரநாரை அழுத்திச் செய்த பச்சை எம்.டி.எஃப்., பி.வி.சி. ஃபோம் போர்டு. குளியலறைக்கு எது நல்லது? கடைக்காரர் ஃபோம் போர்டு போட்டால் வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்கிறார்.

பதில்: தண்ணீரைப் பற்றி மட்டும் கவலை இல்லை என்பது சரி. ஃபோம் போர்டு ஊறாது, உப்பாது. ஆனால் திருகைப் பிடித்துக்கொள்ளும் பலம் ப்ளைவுட் அளவுக்கு அதற்கு இல்லை. சாமான் நிறைந்த ட்ராயரைச் சுமக்கும் சேனலை அதில் திருகி வைத்து, நாளைக்கு நான்கு முறை இழுத்து மூடினால் துளை தளரும். நீளமான முகப்பு மெல்ல வளையவும் செய்யும். மூன்று மி.மீ. இடைவெளியைத் தவிர வேறு அலங்காரமே இல்லாத கைப்பிடியற்ற வேனிட்டியில் அந்த வளைவு தூரத்திலிருந்தே தெரியும்.

எம்.டி.எஃப்.-இன் பச்சை நிறம் வெறும் சாயம், அடையாளத்துக்காகப் போடுவது. ஈரம் தாங்குவது உள்ளே இருக்கும் பிசினால். அதுவும் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. ஆனால் பெயின்ட் அடிக்க அதைப்போல வழவழப்பான பலகை வேறு கிடையாது, விளிம்பு செதுக்கும் ரவுட்டர் இயந்திரத்தில் விளிம்பை உருட்டினாலும் நார் கிளம்பாது.

நான் செய்வது, பாக்ஸும் ட்ராயரும் கொதிநீர் தாங்கும் பசை போட்ட ப்ளைவுட்டில், முகப்பு மட்டும் ஈரம் தாங்கும் எம்.டி.எஃப்.-இல் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட். முன்பக்கம் எத்தனை கோட்டோ பின்பக்கமும் அத்தனை. பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கோட்டோடு நிறுத்தினால் ஒரு பக்கம் ஈரம் ஏறி முகப்பு வளையும். லேமினேட் என்றாலும் இதே கதைதான், முன்னால் 1 மி.மீ. ஒட்டினால் பின்னாலும் ஒன்று வேண்டும்.

எட்ஜ் பேண்ட் ஒட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல பட்டறைகளில் ஓடும் சாதாரண சூட்டுப்பசை சூடு பட்டால் மீண்டும் இளகும். பி.யூ.ஆர். பசை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும், இறுகிய பின் இளகாது. வெந்நீர் ஓடும் குளியலறை வேலையை வெளியே கொடுத்து ஒட்டுவதானால் எந்தப் பசை என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, திருகு துளைகள். சேனலையெல்லாம் பொருத்திப் பார்த்துவிட்டு, கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் சீலரைத் தொட்டு வைத்துவிட்டு மறுபடி திருகுங்கள். சோம்பலாக இருக்கும், செய்யுங்கள்.

கேள்வி: கட்டட மேற்பார்வை செய்கிறேன். தச்சர் வேனிட்டியைச் சுவருக்குள் விரிந்து பிடிக்கும் நான்கு ஆங்கர் போல்ட்டில் தொங்கவிட்டு, "இதில் யானையே உட்காரலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: யானையை விடுங்கள், கல்லைக் கணக்குப் போடுவோம். 1200 நீளம், 500 அகலம், 20 மி.மீ. கனம் கிரானைட் என்றால் கன அளவு 0.012 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2700 கிலோ. அப்படியானால் கல் மட்டுமே 32 கிலோவுக்கு மேல். பாக்ஸ், ட்ராயர், பேசின், உள்ளே சாமான் என்று சேர்த்தால் 100 கிலோவைத் தொடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 100 கிலோ நேராகக் கீழே இழுப்பது பெரிய விஷயமில்லை. மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்புதான் விஷயம். எடையின் மையம் சுவரிலிருந்து 250 மி.மீ. தள்ளி இருக்கிறது. மேல் போல்ட்டுக்கும் பாக்ஸின் அடிக்கும் நடுவே 450 மி.மீ. இருந்தால், பிடுங்கும் விசை 100-ஐ 250-ஆல் பெருக்கி 450-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 55 கிலோ. இதே எடையை ஒற்றை ட்ராயர் வைத்த ஒல்லி வேனிட்டியில், அந்த உயரம் 225 மட்டுமே என்று ஏற்றினால் விசை இரட்டிப்பாகி 110 கிலோ ஆகிவிடும். பார்க்க லேசாக இருப்பதுதான் சுவரை அதிகமாக இழுக்கும். இதெல்லாம் யாரும் சாயாதபோது. கல்லின் முன்விளிம்பில் கையூன்றி ஒருவர் எழுந்தால் அந்த எடை 500 மி.மீ. தள்ளி வந்து சேரும்.

ஆகவே கல்லையும் பேசினையும் பாக்ஸின் தலையில் ஏற்றாமல், சுவரில் தனியாகப் பொருத்திய இரும்பு பிராக்கெட்டில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பாக்ஸ் தன்னையும் ட்ராயரையும் சுமந்தால் போதும். செங்கல் சுவர், கான்கிரீட் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் சரி. உள்ளே பொந்துள்ள பிளாக் என்றால் வலைக்குழலும் ரசாயனப் பசையும் போட்ட ஆங்கர். ஜிப்சம் தடுப்பு என்றால் தகடு மூடுவதற்கு முன்பே உள்ளே கனமான பலகையோ இரும்புச் சட்டமோ கொடுத்திருக்க வேண்டும். மூடிவிட்டார்கள் என்றால் திறக்கச் சொல்ல வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

டைல்ஸில் துளையிடும்போது டைமண்ட் பிட், ட்ரில்லின் சுத்தியல் ஓட்டம் நிறுத்தம். டைல்ஸ் தாண்டிய பிறகுதான் சுத்தியல். துளைக்குள் சிலிக்கான் நிரப்பிவிட்டு போல்ட்டை இறக்கட்டும். கல் பளிங்காக இருந்தால் வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், அமிலம் கலந்தது, கறை விடும். நியூட்ரல் என்று எழுதியதை வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விரல் பள்ளத்துக்குள் எல்.இ.டி. பட்டி ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், இரவில் நன்றாக இருக்கும். 12 அல்லது 24 வோல்ட் பட்டி, தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.44 தரத்துக்குக் குறையாமல். பட்டிக்கு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரைவரை வேனிட்டிக்குள் வைக்காதீர்கள், குளியலறைக்கு வெளியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். மின் இணைப்பை எலெக்ட்ரீஷியனே கொடுக்கட்டும்.

கேள்வி: வேலை முடிந்து பொருத்தப் போனால் வாடிக்கையாளர் வேறு பேசின் வாங்கி வைத்திருக்கிறார். யு வெட்டு பொருந்தவில்லை. மறுபடி செய்து கொடு என்கிறார். யார் பொறுப்பு?

பதில்: நீங்கள் கையெழுத்து வாங்கியிருந்தால் அவர். வாங்கவில்லை என்றால் நீங்கள், சட்டம் என்ன சொன்னாலும் நடைமுறை இதுதான். ஒரே ஒரு தாள் போதும். பேசினின் மாடல், அதன் கழிவுத் துளை சுவரிலிருந்து எத்தனை மி.மீ., குழாய் கல்லிலா சுவரிலா, கல்லின் மேல்மட்டம், விரல் பள்ளத்தின் அளவு. கீழே ஒரு வரி: இதில் எது மாறினாலும் ட்ராயர் மாறும், அதற்குத் தனிக் கணக்கு. பேசினை நேரில் பார்க்காமல் பலகை அறுக்க மாட்டேன் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அளவும் டைல்ஸ் முடிந்த பிறகுதான். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் நேரான சுவர் அபூர்வம். இரண்டு சுவருக்கு நடுவே போகும் வேனிட்டிக்கு ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. பட்டி விட்டு, அதைச் சுவரின் கோணலுக்கு இழைத்துப் பொருத்துங்கள்.

இப்போதைக்கு, ட்ராயரின் உள் யு மட்டும் மாறினால் போதுமா என்று பாருங்கள். முகப்பைத் தொடாமல் பெட்டியை மட்டும் புதிதாகச் செய்து, பலகைச் செலவை அவரும் கூலியை நீங்களும் ஏற்றுக்கொள்வதாகப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வலி. வீட்டில் எல்லோருக்கும் கைப்பிடி இல்லாத வேனிட்டிதான் பிடித்திருக்கிறது. அவருக்குச் சிரமமாக இருக்குமா?

பதில்: இருக்கும் சகோதரி. விரல் நுனியை மட்டும் கொக்கி போல மடித்து இழுப்பதுதான் மூட்டுவலிக்காரர்களுக்கு மிகவும் வலிக்கிற அசைவு. மெல்லிய விரல் பள்ளம் அதைத்தான் செய்யச் சொல்கிறது. கீழிருந்து இழுக்கும் முகப்பு இன்னும் மோசம், குனியவும் வேண்டும், ஈரத் தரையில்.

கைப்பிடி இல்லாமல்தான் வேண்டும் என்றால் பள்ளத்தின் உயரத்தை 40 மி.மீ. ஆக்கச் சொல்லுங்கள். விரல்கள் நுனியில் நிற்காமல் இரண்டாவது கணு வரை உள்ளே போகும், கையையே மடக்கி இழுத்துவிடலாம். அவர் தினமும் எடுக்கும் மருந்து, பற்செட் டப்பா எல்லாம் மேல் ட்ராயரில் இருக்கட்டும். முழுதாக வெளியே வரும் சேனலாகப் போடுங்கள், உள்ளே கை விட்டுத் துழாவ வேண்டியிராது. கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலை மட்டும் எந்த ட்ராயரிலும் வைக்காதீர்கள், அதன் ஆவி சேனலைத் துருப்பிடிக்க வைத்து ட்ராயரை இழுக்கவே கடினமாக்கிவிடும்.

என்னிடம் நீங்கள் ஆர்டர் கொடுத்திருந்தால் நான் மேல் ட்ராயருக்கு நீளமான ஒரு கம்பிக் கைப்பிடியைத்தான் சொல்லியிருப்பேன், முகப்பின் முழு அகலத்துக்கும், துருப்பிடிக்காத எஃகில், பின்பக்கம் நான்கு விரலும் நுழையும் இடைவெளியோடு. மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கீழ் ட்ராயரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கம்பியின் திருகுகள் முகப்பை ஊடுருவிப் பின்பக்கம் வாஷரோடு முடுக்கப்படட்டும். அந்தக் கம்பியில் ஈரத் துண்டைக் காயப்போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.